தீர்த்த வரிசையும் நோயாளிப் பட்டியலும்

இதை எழுத உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தே பல வருடங்கள் போய்விட்டன. நோட்டைத் திறப்பேன். பிள்ளையார் சுழி போடுவேன். அதோடு சரி. வீட்டில் நாலு நோட்டில் பிள்ளையார் சுழி மட்டும் இருக்கிறது. பயம்தான் காரணம். இதில் சாமி விஷயம் இருக்கிறது. "தீர்த்தத்தப் பத்தி எழுதிட்டு அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கோயிலுக்குப் போவ?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். நோட்டை மூடிவிட்டேன்.

இப்போது திறக்க வைத்தது நீங்கள்தான். போன மாதம் திருப்பதியில் புது சுகாதார ஊழியர்களான உங்களுக்கு நடந்த பயிற்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ரிட்டயர் ஆன பழைய ஆள், நாலு வார்த்தை பேசட்டும் என்று சால்வை போட்டு மேடையில் உட்கார வைத்தார்கள். நான் பேசுவதற்கு முன்னால் திரையில் ஒரு பழைய ரிப்போர்ட்டைக் காட்டினார்கள். வெள்ள முகாமில் வந்த வாந்திபேதி எங்கிருந்து வந்தது என்று அந்தக் காலத்திலேயே எவ்வளவு சுறுசுறுப்பாகக் கண்டுபிடித்தார்கள் பாருங்கள் என்று ஒருவர் விளக்கினார். வரிசை எண் ஒன்று: பெண், வெளிமாநிலக் கூலித்தொழிலாளி. அந்த வரிக்குச் சிவப்பில் ஓர் அம்புக்குறி வேறு. நோயைக் கொண்டுவந்தவள் அவளாம். நீங்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டீர்கள்.

அந்தப் பட்டியலை எழுதின கை அப்போது சால்வைக்குள்ளே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சாம்பார் நன்றாக இருந்தது, சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காணிப்பாக்கம் போனேன். நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் தைரியம் வராது. குளத்தில் முழுகி எழுந்து, ஈரத்துணியோடு நின்று, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன் என்று சத்தியம் செய்தேன். இனி நோட்டை மூட முடியாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பும் ஒரு வருட டிரெயினிங்கும்தான் என் படிப்பு. சத்தியவேடு பக்கம் ஹெல்த் அசிஸ்டன்டாக இருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சொந்த நிலத்தில் ஏர் பூட்டினது என் நைனா. அதற்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் வயலில் குனிந்தவர்கள். வீடு காலனியில். ஊர் ஊராகப் போய் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பேதி என்று விசாரித்து வாரம் ஒருமுறை தாளில் எழுதி மேலே அனுப்புவது என் வேலை. அந்தத் தாளில் மேலிடத்துக்கு மிகவும் பிடித்த வார்த்தை 'இல்லை' என்பது. இல்லை என்று எழுதினவன் நல்ல ஊழியன். இருக்கிறது என்று எழுதினவனுக்கு மெமோ. அதனால் எங்கள் பக்கத்தில் நோயே வந்ததில்லை. மேலிடத்துக்குத் தெரியாமல் வந்து, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, தெரியாமலே போய்விடும்.

கம்பெனிகள் வரப்போகின்றன என்று எங்கள் பக்கத்து நிலத்துக்கெல்லாம் கம்பி வேலி விழுந்த காலம் அது. ரோட்டை நாலு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் விடிந்தால் கம்பெனி பஸ் ஏறிச் சென்னைப் பக்கம் போனார்கள். எங்கள் ரோட்டைப் போட ஒடிசாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நம்மவன் பிழைக்கப் போனால் அதற்குப் பெயர் உத்தியோகம், வீட்டில் பாயசம். அடுத்தவன் நம்மிடம் பிழைக்க வந்தால் 'எங்கிருந்தோ வந்ததுங்க'. இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் நானும் அதில் பாஸானவன்தான்.

அந்த வருட ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஏரிக்கரை உடைந்தது. ஊரும் காலனியும் ஒன்றாக முழுகின. எல்லோரும் மேட்டில் இருந்த ஹைஸ்கூலுக்கு ஓடினோம். ஸ்கூலை ஒட்டிக் கொஞ்சம் தாழ்வில் பெருமாள் கோயில், கோயிலுக்குள் ஒரு கிணறு. ரோடு போட வந்த ஒடிசாக்காரர்கள் நாற்பது பேரும் ஸ்கூல் கேட் வரை வந்தார்கள். ரேஷன் கார்டு இருப்பவர்களுக்குத்தான் முகாம் என்று சொல்லிக் கேட்டிலேயே திருப்பிவிட்டார்கள். அவர்கள் ரோட்டோரம் கிடந்த பெரிய சிமென்ட் பைப்புகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள். கேட்டில் நின்று கார்டைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். வெள்ளத்துக்குத் தப்பி ஓடிவருகிறவன் கார்டை எடுத்துக்கொண்டு வருவானா என்று எனக்குத் தோன்றவில்லை.

முகாமின் இரண்டாம் நாள் காலையில் நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்கு விளங்காது.

எங்கள் காலனிக்காரர்கள் பெருமாளைக் கும்பிடுவது கொடிமரத்துக்கு வெளியே நின்றுதான். கற்பூர வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும். தீர்த்தம் கைக்கு வராது. யாரும் அடித்துத் துரத்தினதில்லை, போர்டு எழுதி மாட்டினதில்லை. அங்கே நிற்பது, அவ்வளவுதான். அன்றைக்குக் காலையில் அர்ச்சகர் பூஜையை முடித்து, செம்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கி ஸ்கூல் வராந்தாவுக்கே வந்துவிட்டார்.

"எல்லாரும் ஒரே வரிசையா வாங்க," என்றார்.

ஊர்க்காரர்களில் ஒருவர் முனகினார். "ஒரே வரிசையாவா, சாமி?"

"வெள்ளத்துல கழுத்தளவு தண்ணியில எல்லாரும் ஒண்ணாத்தானேய்யா நின்னீங்க? அப்ப ஒட்டாதது இப்ப வந்து ஒட்டிக்குமா?" என்றவர், என்னைப் பார்த்தார். "ஏம்பா ஹெல்த்து, நீ மூணு நாளா தூங்கலன்னு சொன்னாங்க. நீ மொதல்ல வா."

நான் போனேன். வலது கையைக் குழித்து நீட்டினேன். பழக்கமில்லாத கை, பாதி கீழே சிந்தியது. துளசி வாசனை, பச்சைக் கற்பூர வாசனை. குடித்துவிட்டு ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டேன். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பெருமாள் தீர்த்தம் என் கையில் விழுந்தது அதுதான் முதல் தடவை. பின்னால் நின்ற என் வீட்டுக்காரி அழுதாள். நான் அழாதவன் மாதிரி சட்டைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

இது நடந்து நாலு நாள் கழித்து எங்கள் முகாமில் இரண்டு சாவு. ஒரு கிழவரும் ஒரு சின்னக் குழந்தையும். வாந்திபேதி.

முதலில் எல்லோரும் டேங்கர் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள். அதில் மருந்து கலந்தது நான். தினமும் இரண்டு வேளை சோதித்தேன், சரியாகத்தான் இருந்தது. அதனால் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. "அந்த பைப்புக்காரங்கதான். குட்டைத் தண்ணிய குடிச்சிக்கினு, கண்ட இடத்துல குந்திக்கினு... அதுங்க கொண்டாந்த சீக்குதான் இது." வராந்தாவில் எழுந்த இந்தப் பேச்சு காற்றை விட வேகமாகப் போனது. நான் பட்டியல் எழுதக் கிளம்பினபோது என் கால் தானாகப் பைப் பக்கம் போனது என்றால், அதைத் திருப்பினது அந்தப் பேச்சுதான். அங்கே ஒரு பைப்புக்குள் மாலதி என்று ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது. பட்டியலில் வரிசை எண் ஒன்று என்று போட்டு அவள் பெயரை எழுதினேன். பிறகு முகாமுக்குத் திரும்பி வகுப்பறை வகுப்பறையாகப் போய் இன்னும் பத்துப் பேரை எழுதினேன். செத்துப்போன இருவரும் அந்தப் பத்தில் சேர்த்தி.

எல்லோரிடமும் அச்சடித்த கேள்விகளைத்தான் கேட்டேன். எந்தத் தண்ணீர் குடித்தாய்? டேங்கர் தண்ணீர். வேறு எங்காவது? இல்லை. வெளியே ஏதாவது சாப்பிட்டாயா? இல்லை. முகாமில் பத்துப் பேருக்கும் ஒரே பதில், செத்தவர்களுக்காக அவர்கள் வீட்டார் சொன்னதும் அதேதான். அச்சடித்த கேள்விக்கு அச்சடித்தாற்போலப் பதில் வந்தால், பிள்ளைகளே, சந்தோஷப்படாதீர்கள். எங்கோ தவறாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பதினொரு மணிக்கு மாவட்டத்திலிருந்து ஆபீசர் ஜீப்பில் வந்தார். சேற்றில் இறங்கவில்லை. ஜீப் பானெட்டின் மேல் பட்டியலை விரித்தார். விரல் முதல் வரியில் நின்றது.

"ஃபர்ஸ்ட் கேஸ் லேபர் லேடி. அன்த்தே!" என்றார். முடிந்தது கதை என்பது போல. "அங்கிருந்து இங்கே வந்திருக்கு. கான்ட்ராக்டருக்குச் சொல்லு, மூணு மணிக்கு லாரி வரணும். நாற்பது பேரையும் ஏத்தி ஸ்டேட் பார்டர் தாண்டி விட்டுட்டு வரணும்."

"அந்தம்மா கெடக்கற கெடையில லாரி தாங்க மாட்டா சார்," என்றாள் எங்கள் நர்சம்மா.

"அது பார்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் கவலை," என்றார் ஆபீசர். ஒரு நோயை இவ்வளவு சுலபமாக ஒழிக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாவட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் போதும், கணக்கில் 'இல்லை'.

நர்சம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை. நகரிப் பக்கத்துக்காரி, என் வயதுதான். பெயரைப் போட மாட்டேன், புகழ்ச்சி என்றால் அவளுக்கு ஆகாது. எனக்கு இந்தத் தொழிலில் ஒரு குரு உண்டென்றால் அவள் வாய்தான். அந்த வாய் ஜீப்புக்கு மறைவாக என்னை இழுத்துக்கொண்டு போனது.

"அண்ணா, அந்த ஒடிசாக்காரிக்கு எப்ப ஆரம்பிச்சுது?"

"நேத்து காலையில."

"செத்துப்போன பெரியவருக்கு?"

"முந்தாநேத்து."

"அப்புறம் எப்படி அவ ஒண்ணாம் நம்பரு?"

நான் விழித்தேன். "மொதல்ல அங்கதானே போனேன்... போன வரிசையில எழுதினேன்."

"நல்லா எழுதன போ! நீ நடந்த வழிய எழுதிக்கீற, சீக்கு வந்த வழிய எழுதல. அந்தாளு அத்தப் பார்த்துட்டு நாப்பது பேரை லாரி ஏத்தறான். அவன் சொல்லும்போது நீ வாய்ல என்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த?"

கொழுக்கட்டை இல்லை. பயம். ஆபீசர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட பிறகு அதைத் திருத்துவது எங்கள் இலாகாவில் வழக்கமில்லை.

"இன்னொண்ணு கேளு," என்றாள். "குட்டைத் தண்ணி குடிக்கறவங்க நாப்பது பேரு. அதுல முப்பத்தொம்பது பேரு கல்லாட்டம் கீறாங்க. நீ மருந்து கலந்த தண்ணிய குடிச்ச நம்ம ஜனந்தான் சாயுது. அந்த ஒருத்தி மட்டும் அப்படி என்னா பண்ணா? வா, கேக்கலாம்."

மாலதியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நர்சம்மா உப்பு சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். எங்களுக்கு ஒடியா தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. மூவருக்கும் பொதுவாக உடைந்த தெலுங்கு. வெள்ளம் வந்த பிறகு வேலை இல்லாததால், விடிந்ததும் கோயில் வாசலில் அடித்துவந்த சேற்றையும் குப்பையையும் தினமும் பெருக்கித் தள்ளியிருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை. சாமி வாசல் அப்படிக் கிடந்தது, பொறுக்கவில்லை என்றாள்.

"அங்கே ஏதாவது சாப்பிட்டாயா?"

"லேது."

"குடித்தாயா?"

"லேது."

அதே பதில். நான் நோட்டை மூடினேன். நர்சம்மா விடவில்லை. "சாப்பாடு வேணாம், தண்ணி வேணாம். காலையில கண்ணு முழிச்சதுலேர்ந்து வாய்ல பட்டது எல்லாம் சொல்லு," என்று கையைக் காட்டிக் காட்டிக் கேட்டாள்.

மாலதி கொஞ்சம் யோசித்தாள். பிறகு வலது கையைத் தூக்கினாள். விரல்களைக் குழித்தாள். உதட்டுக்குக் கொண்டுபோனாள். அதே கையைத் தலையில் தடவிக்கொண்டாள்.

தீர்த்தம். வாசலைப் பெருக்கினவள் கையிலும் அர்ச்சகர் ஊற்றியிருக்கிறார்.

ஓடினேன். வகுப்பறை வகுப்பறையாகப் போய் மறுபடி கேட்டேன். தீர்த்தம் வாங்கினாயா? வாங்கினேன். வாங்கினேன். செத்துப்போன குழந்தையின் தாய், "என் கையிலேர்ந்து அதுக்கும் ரெண்டு சொட்டு விட்டேண்ணா, நல்லா இருக்கணும்னு," என்றாள். முதலில் ஏன் சொல்லவில்லை என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். படுத்த படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்து திட்டினார்.

"நீ தண்ணி குடிச்சியான்னு கேட்ட, இல்லன்னேன். தீர்த்தத்தப் போயி தண்ணின்றியே, நீயெல்லாம் நாமம் போட்டுக்கினு திரியற!"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. எனக்கும் அது தண்ணீராகத் தோன்றவில்லையே. உலகத்திலுள்ள எல்லாத் தண்ணீரையும் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கினவன் நான். அந்த ஒரு செம்பை மட்டும் சந்தேகப்படவில்லை. ஊரில் இருந்த எல்லாக் கிணற்றுக்கும் பிளீச்சிங் பவுடர் போட்டவன், கோயில் கிணற்றுக்குப் போடவில்லை. அங்கே போக எனக்கு வழக்கம் இல்லை. 'போடட்டுமா' என்று கேட்கக்கூட இல்லை. ஆனால் ரிஜிஸ்டரில் 'எல்லாக் கிணறுகளும் முடிந்தது' என்று எழுதினேன். ஏரித் தண்ணீர் ஸ்கூல் கக்கூஸ் குழியைக் கலக்கிக்கொண்டு அந்தக் கிணற்றின் சுவரைத் தாண்டிப் போனதை என் கண்ணால் பார்த்தும் அப்படி எழுதினேன்.

இதை விடக் கேவலம் ஒன்று உண்டு. முகாமின் மூன்றாம் நாள் சாயங்காலத்திலிருந்தே எனக்கும் போய்க்கொண்டிருந்தது. பையிலிருந்து இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வாந்திபேதியைத் தடுக்க வந்தவனுக்கே பேதி என்றால் சிரிப்பார்கள் அல்லவா? அடுத்தவன் வயிற்றை எழுதினவன் தன் வயிற்றை எழுதவில்லை.

எல்லாம் தெரிந்த பிறகும் நான் நேராக ஆபீசரிடம் போகவில்லை. கோயில் பக்கம் போய், பழைய இடத்தில், கொடிமரத்துக்கு வெளியே நின்றேன். நான் வாயைத் திறந்தால் தீர்த்த வரிசை நின்றுவிடும். அதோடு போகாது. 'கண்டவங்க கையில ஊத்தினதால சாமி கொடுத்த தண்டனை' என்று சொல்வார்கள். இனி எந்தக் காலத்திலும் எங்கள் கைக்கு அது வராது. வாயை மூடிக்கொண்டால் லாரி. மாலதி பார்டர் வரை தாங்கமாட்டாள். நாளைக் காலையில் மறுபடி வரிசை, மறுபடி செம்பு, இன்னொரு குழந்தை. பெருமாளே, நாற்பத்திரண்டு வருடம் கழித்துக் கொடுத்ததை நாலு நாளில் என் வாயாலேயே பிடுங்கச் சொல்கிறாயே என்று கேட்டேன்.

"சாமிகிட்ட அப்புறம் சண்ட போட்டுக்கலாம் அண்ணா," என்று பின்னால் நர்சம்மாவின் குரல். "லாரி வந்துட்டுது."

வந்திருந்தது. பெண்கள் மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மாலதியைக் கோணிப்பையில் கிடத்தி நாலு பேர் தூக்கிவந்தார்கள். முகாம் முழுவதும் கேட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. ஆபீசர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் பட்டியலை ஜீப் மேல் விரித்து, எண்களை அடித்துத் தேதிப்படி மாற்றிப்போட்டேன். மேலே என் பெயரை எழுதினேன்.

"சார், ஒண்ணாம் நம்பர் அந்தப் பொம்பளை இல்ல. ஒண்ணாம் நம்பர் நான். அவங்க பத்தாவது."

"ஏமய்யா, தெலிசே மாட்லாடுதுன்னாவா?" தெரிந்துதான் பேசுகிறாயா என்று கேட்டார்.

"தெரிஞ்சுதான் சார். கோயில் கிணறு கெட்டுப்போச்சு. தீர்த்தத்துல வந்திருக்கு. மொதல்ல வாங்கினவன் நான், மொதல்ல படுத்தவனும் நான்."

ஆபீசர் இளநீரைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "கோயில்னு எழுதினா எம்.எல்.ஏ. என்னை எந்தக் காட்டுக்குத் தூக்கி அடிப்பார் தெரியுமா? மெதுவா பேசு. அந்தப் பேப்பரைக் கொடு."

நான் கொடுக்கவில்லை. எனக்கு வீரம் எதுவும் வரவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். ஆனால் அந்தக் கோணிப்பை என்னைத் தாண்டிப் போனது. உள்ளேயிருந்து மாலதியின் கை தொங்கிக்கொண்டிருந்தது. குழித்துக் காட்டிய அதே கை. நான் போய் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"சீக்கைக் கொண்டுவந்தவனைத்தானே சார் பார்டர் தாண்டி விடணும்? அது நான்தான். என்னையும் ஏத்திக்கினு போகச் சொல்லுங்க."

கூட்டம் கேட்டைத் தாண்டி வந்துவிட்டது. என்ன, என்ன என்று சத்தம். யாரோ உரக்கச் சொல்லிவிட்டார்கள், "தீர்த்தத்துல சீக்குன்றான்!" அவ்வளவுதான். நான் பயந்த பேச்சு உடனே வந்தது. அன்றைக்குத் தீர்த்த வரிசையில் முனகினவரே அதைச் சொன்னார்.

"பின்ன? கண்டவங்க கையிலயும் ஊத்தினா பெருமாள் சும்மா இருப்பாரா?"

என் காலனி ஜனம் தலையைக் குனிந்தது. வெள்ளத்தில் வீடு போனபோதுகூட அப்படிக் குனியவில்லை. அந்தத் தலைகளைப் பார்த்துக்கொண்டு லாரி மேல் உட்கார்ந்திருந்தேன் நான்.

அப்போது அர்ச்சகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்து, இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். நேராக அந்த முனகல்காரரிடம் போனார்.

"எனக்கு முந்தாநாள்லேர்ந்து நிக்காம போயிண்டிருக்கு. வெளியில சொன்னா தீட்டு, பூஜை நின்னுடும்னு வாயை மூடிண்டு கெடந்தேன். நான் யார் கையில வாங்கினேன், சொல்லு? பாத்திரம் என் கையில, கிணறு என் கிணறு. எனக்கு எந்தப் பாவத்துக்கு வந்தது?"

அர்ச்சகர் லாரிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "ஹெல்த்து, கீழ எறங்கு. அந்தக் காயிதத்துல என் பேரையும் எழுது. அந்தக் கெணத்துக்கு உன் பவுடரைக் கொண்டுவந்து போடு. உன் கையாலயே போடு."

"பெருமாளுக்கு ஆகுமா சாமி?" என்றேன். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நர்சம்மா சொன்னாள், "பாலைக் காய்ச்சித்தானே பெருமாளுக்குக் காட்டறீங்க? தண்ணியும் காய்ச்சிக் காட்டுங்க. அவருக்கும் வயிறுன்னு ஒண்ணு கீதில்ல?"

அர்ச்சகர் சிரித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவசரமாக நடந்தார்.

அர்ச்சகர் பெயரைத் தேதிப்படி சேர்த்ததும் மாலதி பத்திலிருந்து பதினொன்றுக்குப் போனாள். லாரி காலியாகப் போனது. ஒடிசாக்காரர்களுக்கு ஸ்கூலில் இரண்டு வகுப்பறை கொடுத்தோம். கார்டைக் கேட்க யாருக்கும் முகம் இல்லை. நான் முதன்முதலாகக் கோயில் கிணற்றடிக்குப் போய்ப் பவுடர் போட்டேன். மறுநாளிலிருந்து மடப்பள்ளியில் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்து, துளசி போட்டு, அதே வரிசையில் அர்ச்சகர் ஊற்றினார். நாலு நாளில் புதிதாக யாரும் படுக்கவில்லை. மாலதி எழுந்து நடந்தாள். நடந்ததும் துடைப்பத்தைத்தான் தேடினாள்.

இந்த இடத்தில் முடித்தால் நல்ல கதை. திருப்பதியில் திரையில் போடலாம். ஆனால் நான் சத்தியம் செய்திருக்கிறேன்.

வெள்ளம் வடிந்தது. முகாமைக் கலைத்தார்கள். அடுத்த சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன். எங்கள் ஜனம் கொடிமரத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. யாரும் நிற்கச் சொல்லவில்லை. பெருமாள் இருந்த இடத்தில்தான் இருந்தார். மனிதர்கள்தான் பழைய இடத்துக்குப் போய்விட்டார்கள். அர்ச்சகர் உள்ளேயிருந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் பார்வையைத் திருப்பிக்கொண்டோம்.

ரோட்டு வேலை வடக்கே நகர்ந்தது. மாலதியும் அவள் ஆட்களும் சூளூர்பேட்டைப் பக்கம் போனார்கள் என்று கேள்வி.

ஒரு மாதம் கழித்து ஆபீசிலிருந்து டைப் அடித்த ரிப்போர்ட் வந்தது. கோயில் என்ற வார்த்தை அதில் இல்லை. என் பெயர் இல்லை. அர்ச்சகர் பெயர் இல்லை. வரிசை எண் ஒன்று: பெண், வெளிமாநிலக் கூலித்தொழிலாளி. கீழே என் கையெழுத்துக்கு ஓர் இடம். மெமோ வரும் என்று ஒருவரும் மிரட்டவில்லை. 'இங்கே போடு' என்று கிளார்க் விரலால் காட்டினார். போட்டேன். லாரியில் ஏறத் தைரியம் இருந்தவனுக்கு, மின்விசிறிக்குக் கீழே ஒரு தாளைத் தள்ளிவைக்கத் தைரியம் இல்லை. நூறு பேர் பார்க்க நல்லவனாக இருப்பது சுலபம், பிள்ளைகளே. யாரும் பார்க்காத மேஜையில்தான் மனிதன் யாரென்று தெரியும். நான் யாரென்று அன்றைக்குத் தெரிந்தது.

இப்போது உங்கள் கையில் கருவி இருக்கிறது. தட்டினால் படம் வருகிறது, நிறம் வருகிறது, அம்புக்குறி தானாக வருகிறது. இருக்கட்டும். உங்கள் கருவியிலும் ஒருவன் முதலில் எங்கே நடந்தானோ அங்கிருந்துதான் நோய் கிளம்பியிருக்கும். அவனை நடக்கவைத்தது எந்தப் பேச்சு என்று அது கேட்காது. நீங்கள் கேளுங்கள். தண்ணீர் குடித்தாயா என்று கேட்காதீர்கள், வாயில் பட்டது எல்லாம் என்ன என்று கேளுங்கள். உங்களுக்கு எது புனிதமோ அதை முதலில் சோதியுங்கள். கும்பிட்டுவிட்டுச் சோதியுங்கள், தப்பில்லை. நான் இன்றைக்கும் தினம் கும்பிடுகிறேன்.

நேற்று இதை என் வீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டினேன். தீர்த்தம் வாங்கின இடம் வந்தபோது அவள் தன் வலது கையைத் திறந்து பார்த்துக்கொண்டாள். "கோயிலுக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?" என்று நான் கேட்டேன். "இந்த மூஞ்சியோடதான். இப்பத்தான் கழுவிக்கீற," என்றாள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் செல்போனில் பிடித்து வைத்திருக்கும் அந்தப் படத்தை யாருக்காவது காட்டினால், இதையும் சேர்த்துக் கொடுங்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம். அர்ச்சகரைப் பெரியவராக்க வேண்டாம். நான் போட்ட கையெழுத்தை மறைக்க வேண்டாம். எதை மாற்றினாலும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள் என்று சொல்ல வந்தேன். இல்லை, எதையுமே மாற்றாதீர்கள். ஒன்று, நான். மாலதி, பதினொன்று.